மூன்றடிக்குக் கீழே

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ ஃபோனில் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் ஃபோனை அம்மா கையில் கொடுத்துவிட்டேன். உனக்குக் கோபம் வந்திருக்கும். கல்யாணத்துக்கு முன்னால் நிலத்தை உன் பேருக்கு எழுதிவிடலாம் என்று ஆரம்பித்தவனே நான்தான். நீ சந்தோஷமாகத்தான் சொன்னாய். "மேட்டு நிலத்துக் குழியை மூடித் தர்றேன்னு ஒருத்தர் பேசினார்ப்பா. கம்பெனிங்கள்ல இருந்து வர்ற சாம்பல், சக்கை, அது இதுன்னு கொட்டி, மேல ரெண்டடி மண்ணு போட்டு சமன் பண்ணிடுவாராம். நமக்குச் செலவே இல்ல. பட்டா என் பேருக்கு மாறினதும் ஒரு கையெழுத்து போட்டா போதுமாம்." அப்புறம், "நம்ம நிலம்தானேப்பா, அடியில என்ன கிடந்தா யாருக்கு என்ன?" என்றாய். அந்த வார்த்தைதான் என் வாயை அடைத்தது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் கிட்டத்தட்ட அதே வார்த்தையை நான் ஒரு மனிதனிடம் சொல்லியிருக்கிறேன். அதற்குப் பிறகு நடந்ததில் பாதிதான் உனக்குத் தெரியும். மீதியை எழுதுகிறேன். நேரில் சொன்னால் நடுவில் நிறுத்திவிடுவேன் என்று எனக்கே பயமாக இருக்கிறது. இதை நீ யாரிடம் வேண்டுமானாலும் படிக்கக் கொடுக்கலாம். ஒளித்து வைக்கும்படி எழுதவில்லை.

நான் முப்பத்திரண்டு வருஷம் நில அளவராக இருந்தவன். இரும்புச் சங்கிலியில் ஆரம்பித்து, டேப்புக்கு வந்து, கடைசியில் கம்ப்யூட்டரில் கோடு போடுவது வரைக்கும் பார்த்தாயிற்று. உத்திரமேரூரைச் சுற்றி என் கால் படாத வரப்பு குறைவு. போகிற இடத்திலெல்லாம் ஜனங்கள் கேட்பது ஒன்றுதான்: "சார், எங்க கல்லு எங்க வருது?" பட்டா என்பது நீளமும் அகலமும்தான், ஆழத்துக்கு அதில் கட்டம் கிடையாது. உன் நிலத்தில் நீ கிணறு வெட்டிக்கொள்ளலாம், அஸ்திவாரம் தோண்டலாம். தோண்டும்போது பானை நிறையப் பழங்காசு கிடைத்தால் வீட்டுக்குத் தூக்கிப்போக முடியாது, சர்க்காருக்குச் சொல்லியாக வேண்டும். மண்ணையோ கல்லையோ வெட்டி விற்க வேண்டுமென்றால் அனுமதி வாங்க வேண்டும், அதற்குண்டான தொகையைக் கட்ட வேண்டும். அடியில் இருப்பது நிலக்காரனுக்கா சர்க்காருக்கா என்று கேட்டால் கோர்ட்டுகளே எல்லா நேரமும் ஒரே பதில் சொன்னதில்லை. ஜனங்களுக்கு இது பெரிதாகப் படுவதுமில்லை. கீழே எதுவரைக்கும் நம்முடையது என்று என்னிடம் யாரும் கேட்டதில்லை, ஒருத்தியைத் தவிர.

அற்புதத்தை உனக்கு நன்றாகத் தெரியும். நம் நிலத்தில் களை எடுக்க, வேர்க்கடலை பிடுங்க வருவாள். ஆட்களுக்கு நடுவில் அவள் குரல்தான் ரோடு வரைக்கும் கேட்கும். உன்னை "நைனா" என்று கூப்பிட்டு, மடியிலிருந்து பச்சைக் கடலையை எடுத்து உன் சட்டைப்பையில் திணிப்பாள். அவள் வீட்டுக்காரன் சாமுவேல் அதிகம் பேசாத ஆள். காலனியில் பரம்பரையாக யாருக்கும் காணி நிலம் இருந்ததில்லை. சர்க்கார் நிலமில்லாதவர்களுக்குக் கொடுத்த நிலத்தில் சாமுவேலுக்கு அரை ஏக்கர் வந்தது, நம் மேட்டு நிலத்தை ஒட்டி, மேற்குப் பக்கம். அதை அளந்து நான்கு கல் நட்டுக் கொடுத்தவன் நான்தான். அவர்கள் மகள் எஸ்தர் அப்போது இடுப்பில் இருந்த குழந்தை. நாலாவது கல்லை நட்டதும் அற்புதம் அதன் பக்கத்தில் குந்திக்கொண்டு மண்ணைத் தட்டிப் பார்த்தாள். "சார், இங்கேருந்து அங்க எங்களுது, செரி. அடியில எம்மாந்தூரம் எங்களுது?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே, "பாதாளம் வரைக்கும் உனக்குத்தாம்மா" என்றேன். அவள் சிரிக்கவில்லை. "அப்பிடின்னா கிணறு வெட்டலாம்" என்று சாமுவேலைப் பார்த்துச் சொன்னாள். கிணறு வெட்ட அவர்களால் கடைசிவரை முடியவில்லை. மழையை நம்பிக் கடலையும் அப்புறம் கத்தரியும் வைத்தார்கள்.

நீ கோயம்புத்தூரில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த காண்ட்ராக்டர் வந்தான். பேர் வேண்டாம். சுத்தமான வெள்ளைச் சட்டை, மரியாதையான பேச்சு. "சார், உங்க நிலம் மேடா கீது. தண்ணி ஏற மாட்டேங்குது. மூணடி மண்ணை நான் எடுத்துக்கினு போறேன். உங்களுக்கு நிலம் சமனாயிடும், நெல்லு வைக்கலாம். உங்களுக்கும் ஏதாவது செஞ்சிடறேன்" என்றான். மனு என் பேரில்தான் போட வேண்டும், ஏனென்றால் பட்டா என் பேரில். மூன்றடி ஆழம், மூன்று மாதம், பக்கத்துப் பட்டாதாரின் எல்லையிலிருந்து இவ்வளவு தூரம் தள்ளித்தான் தோண்ட வேண்டும் என்று அனுமதியிலேயே தெளிவாக இருந்தது. அந்தத் தூரத்தை நானே அளந்து முளை அடித்தேன். முளைகளுக்குச் சிவப்புத் துணி கட்டினேன். அன்றைக்கு நான் செய்ததில் ஒரு குற்றமும் இல்லை, தம்பி. குற்றம் அதற்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது.

முதல் வாரம் ஒரு பொக்லைன். அப்புறம் இரண்டு. டிப்பர்கள் வரிசையாக வாலாஜாபாத் ரோட்டுக்கு ஏறிப்போனதில் நம் தெருவில் துவைத்த துணி உலர்த்த முடியவில்லை. செம்மண் போய், அதற்குக் கீழே கிராவல் வந்து, அதற்கும் கீழே பொலபொலவென்று மஞ்சள் மண் வந்தது. நான் ஒரு நாள் ஆபீஸ் போகிற வழியில் இறங்கிப் போய்ப் பார்த்தேன். சிவப்புத் துணி கட்டிய முளை ஒன்றுகூட இல்லை. சாமுவேலின் வரப்பை ஒட்டிச் சுவர் வெட்டினாற்போல் நேராக வெட்டியிருந்தார்கள். டேப்பை நுனியில் கல் கட்டிக் கீழே விட்டேன். முப்பத்தெட்டு அடி. காண்ட்ராக்டரைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவன் கோபப்படவில்லை. "சார், மேல மூணடிதான் உங்களுது. அதுக்குக் கீழ கவர்மெண்டுது. கவர்மெண்டை நாங்க பாத்துக்கறோம். நீங்க எதுக்கு டென்ஷன் ஆவறீங்க?" என்றான். அவன் சொன்னது பொய் என்று எனக்குத் தெரியும். மனுவில் இருந்தது என் கையெழுத்து. ஆனால் எனக்கு ரிட்டயர் ஆக எட்டு மாதம் இருந்தது. பிராது கொடுத்தால் முதல் நோட்டீஸ் எனக்குத்தான் வரும். அவன் கொடுத்ததை வாங்கி வீட்டில் மாடி அறை கட்ட ஆரம்பித்தும் விட்டேன். டேப்பைச் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு ஆபீசுக்குப் போய்விட்டேன்.

இரண்டு மூன்று நாள் கழித்து சாமுவேல் அற்புதத்தோடு நம் வீட்டுக்கு வந்தான். வாசற்படி ஏறாமல் கீழேயே நின்றான். நானும் ஏறி வா என்று சொல்லவில்லை. "சார், எங்க வரப்பு வெடிச்சிக்கினு வருது. கை உள்ள போவற அளவுக்கு வெடிப்பு கீது. ஒரு தபா வந்து பாருங்க சார்" என்றான். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். "என் நிலத்துல தானே தோண்டறாங்க சாமுவேலு? உன் நிலத்துல கை வெச்சாங்களா? என் நிலத்துக்கு அடியில என்ன நடந்தா உனக்கு இன்னா?" என்றேன். அவன் போகவில்லை. அற்புதம் பின்னாலிருந்து சத்தமாக, "இன்னா சார் இப்பிடிப் பேசறீங்க? உங்க மண்ணு போனா எங்க மண்ணு எத்த புடிச்சிக்கினு நிக்கும்?" என்று கேட்டாள். தெருவில் நான்கு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அவமானத்தில்தான், அது ஒன்றுக்காகத்தான், மறுநாள் டேப்பை எடுத்துக்கொண்டு போனேன். நேர்மையாக அளந்தேன். சாமுவேலின் எல்லைக்குள் ஒரு விரல்கூட வெட்டப்படவில்லை. "எல்லைமீறல் ஏதும் இல்லை" என்று நிலத்தின் அளவு காட்டும் புலப்படத்தின் நகலில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அவன் கையில் கொடுத்தேன். ஆழத்தைப் பற்றி எழுதவில்லை. விடவேண்டிய தூரம் விடப்படவில்லை என்பதை எழுதவில்லை. வெடிப்பைக் கண்ணால் பார்த்தேன், குச்சியை விட்டும் பார்த்தேன். அதையும் எழுதவில்லை. அவன் காகிதத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். எழுதிக் கொடுத்துவிட்டார் சார், இனி பயமில்லை என்று காலனியில் சொன்னானாம். இதை எஸ்தர் இந்த வாரம்தான் எனக்குச் சொன்னாள்.

ஐப்பசி மழை மூன்று நாள் விடாமல் பெய்தது. நாலாம் நாள் காலையில் வானம் வெளுத்தது. அற்புதம் கத்தரிச் செடிகளில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்க்கப் போனாள். கையில் மண்வெட்டி. சாமுவேல் ரோட்டோரக் கடையில் டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று பின்தங்கியிருக்கிறான். அவன் வளைவு திரும்பும்போது அவள் செடிகளுக்கு நடுவில் குனிந்து நிற்பதைப் பார்த்திருக்கிறான். சத்தம் ஒன்றும் பெரிதாக இல்லையாம். லாரியில் மண் சாய்க்கிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். அரை ஏக்கரில் கிழக்குப் பக்கம் முக்கால்வாசி, கல்லோடு, செடியோடு, அவளோடு இறங்கிப்போனது. அவள் நின்றது அவளுடைய சொந்த நிலத்தில், தம்பி. யாருடைய எல்லைக்குள்ளும் போகவில்லை. தீயணைப்பு வண்டி வந்தது. குழியில் தண்ணீரும் சேறும் இருந்ததால் அன்றைக்கு எடுக்க முடியவில்லை. மறுநாள் மத்தியானம் எடுத்தார்கள். நான் கரையில் குடையோடு நின்றிருந்தேன். எஸ்தர் பள்ளிக்கூடச் சீருடையில் இருந்தாள். யாரோ அவளை நேராக அங்கே கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள்.

விசாரணை நடந்தது. காண்ட்ராக்டரின் ஃபோன் வேலை செய்யவில்லை. அனுமதி என் பேரில் இருந்ததால் என்னைக் கூப்பிட்டார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? சாமுவேலுக்குக் கொடுத்த அதே காகிதத்தின் இன்னொரு நகலை நீட்டினேன். எல்லைமீறல் இல்லை. தொடர் மழையால் ஏற்பட்ட சரிவு என்று எழுதிக்கொண்டார்கள். நிவாரணம் கொடுக்கச் சிபாரிசு செய்தார்கள். குழிக்கு எனக்கு ஒரு நோட்டீஸ் வந்தது, அதற்கு விளக்கம் எழுதினேன், அதோடு நின்றது. அதிகாரி எழுந்து போன பிறகும் சாமுவேல் பட்டாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தான். "சார், பட்டா கீது. வரி கட்டின ரசீது கீது. நிலம் எங்க சார் கீது?" என்று என்னைத்தான் கேட்டான். நான் அளந்து நட்ட கற்களில் இரண்டு குழிக்கடியில் கிடந்தன. அவன் பட்டாவில் இருந்த நீளமும் அகலமும் அப்படியே இருந்தன, அந்த இடத்தில் காற்றுதான் இருந்தது. நான் வண்டியை எடுத்தேன்.

சாமுவேலுக்காக ஒரு வக்கீல் அம்மா காசு வாங்காமல் கேஸ் போட்டார். நான் செய்த தப்பு எது என்று கோர்ட் வராண்டாவில் என்னிடம் சொன்னவர் அவர்தான். கோபமாகக்கூடப் பேசவில்லை. "சார், உங்க நிலத்து மண்ணு உங்க நிலத்தை மட்டும் தாங்கல. பக்கத்து நிலத்தையும் தாங்கிட்டிருக்கு. அந்தத் தாங்கல் பக்கத்துக்காரரோட உரிமை. ஈஸ்மெண்ட் சட்டத்துல வெள்ளைக்காரன் காலத்துல இருந்தே இருக்கு. உங்க எல்லைக்குள்ளயே தோண்டினாலும் அதைப் பறிக்க உங்களுக்கு உரிமை கிடையாது" என்றார். முப்பத்திரண்டு வருஷம் நிலத்தோடு வாழ்ந்தவன் அதைச் சட்டமாகக் கேட்டது அன்றைக்குத்தான். ஆனால் அற்புதம் அதையே ஒரே வரியில் என் வாசலில் நின்று கேட்டிருந்தாள். கேஸ் நிற்கவில்லை. என் காகிதத்தைக் காட்டித்தான் தள்ளுபடி ஆனது. அந்த அம்மா மேல்முறையீடு போட்டார். அது இன்னும் நடக்கிறது.

அற்புதம் இறந்த ஐப்பசிக்கு அடுத்து வந்த பொங்கலுக்கு நீ ஊருக்கு வந்தாய். மழையில் நிலம் சரிந்து அற்புதம் இறந்துவிட்டாள் என்று மட்டும்தான் உனக்குச் சொல்லியிருந்தோம். நீ குழியைப் பார்த்துவிட்டு வந்து, "ஏரி மாதிரி கீதுப்பா" என்றாய். அம்மா சமையலறையிலிருந்து வெளியே வரவில்லை. மாடி அறையில் அவள் இன்றுவரை ஒரு நாளும் படுத்ததில்லை, ஏறிப் பெருக்குவதோடு சரி. நானும் அவளும் அதைப் பற்றி இந்த ஒன்பது வருஷத்தில் பேசிக்கொண்டதே கிடையாது. ஒரே வீட்டில் இரண்டு பேர் ஒரு விஷயத்தைச் சுற்றி நடந்துகொண்டே காலம் தள்ள முடியும் என்று நான் நினைத்ததில்லை. முடிகிறது. நீ கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவன், அதனால் சொல்கிறேன். எதையாவது மறைத்து வைத்தால், மறைக்கிற வேலையை உன் மனைவியின் தலையிலும் ஏற்றுகிறாய் என்று அர்த்தம்.

நீ ஃபோன் பேசிய மறுநாள் சாமுவேலைத் தேடிப் போனேன். மறைமலைநகர்ப் பக்கம் ஒரு குடியிருப்பில் வாட்ச்மேனாக இருக்கிறான். எஸ்தர் அங்கேயே ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். கேட் பக்கத்தில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியை எனக்குப் போட்டுவிட்டு அவன் நின்றான். இந்தத் தடவை நானும் உட்காரவில்லை. நம் நிலத்தில் தோண்டாமல் மிஞ்சியிருக்கும் கிழக்குத் துண்டை எஸ்தர் பேருக்கு எழுதித் தருகிறேன் என்றேன். உன்னைக் கேட்காமல்தான் சொன்னேன், கோபித்துக்கொள். அவன் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். "உங்க நிலம் எனுக்கு வாணாம் சார். அதுல நின்னுக்கினு அந்தக் குழியைப் பாத்துக்கினு இன்னா பண்ணப் போறேன்? எம் பொண்டாட்டி மழைல செத்தான்னு கவர்மெண்டு பேப்பர்ல கீது. அவ எப்பிடிச் செத்தான்னு நீங்க எழுதிக் குடுங்க. அது போதும்" என்றான்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். ஒன்பது வருஷத்தில் முதல்முறையாக வாய்விட்டு அழுதாள். அழுதுவிட்டு, "புள்ள கல்யாணம் முடியட்டும், அப்பால குடுங்க. பொண்ணு வூட்டுக்காரங்க இன்னா நெனைப்பாங்க?" என்றாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். நானும் அப்படித்தான் ரிட்டயர் ஆகட்டும், நீ வேலைக்குப் போகட்டும் என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வந்தேன். இனித் தள்ளினால் நான் இல்லாமலேயே போய்விடலாம். டாக்டர் என் இதயத்தைப் பற்றிச் சொன்னதும் உனக்குத் தெரியும்.

வியாழக்கிழமை வக்கீல் அம்மாவின் அறையில் பிரமாணப் பத்திரம் எழுதினோம். அவர்கள் முளைகளைப் பிடுங்கியது, முப்பத்தெட்டு அடி, வெடிப்பு, காண்ட்ராக்டர் கொடுத்ததை நான் வாங்கியது, எல்லாம் எழுதியிருக்கிறது. இதனால் என் மேல் வழக்கு வரலாம், பென்ஷன் நிற்கலாம், பேப்பரில் பேர் வரலாம் என்று அந்த அம்மா எச்சரித்தார். நிலத்தைக் கோர்ட் என்ன செய்யும் என்று தெரியாது, அதனால் இப்போதைக்கு அது உன் பேருக்கு வராது. பெண்ணின் அப்பாவுக்கு நான் அடுத்த வாரம் போய் நேரில் சொல்கிறேன். அவர் என்ன முடிவு செய்தாலும் அவரை மறித்துப் பேச மாட்டேன். அதற்கு முன்னால் நீ அந்தப் பெண்ணிடம் சொல்லிவிடு. அவள் இதை வேறு யார் வாயாலும் கேட்கக் கூடாது.

அந்தக் குழியில் கழிவைக் கொட்டுகிறேன் என்கிற ஆளிடம் முடியாது என்று சொல். அதைச் சுற்றி இன்னும் ஏழெட்டு குடும்பம் போர்வெல் தண்ணீரைத்தான் குடிக்கிறது. அடியில் போடுவது அடியிலேயே இருக்காது, பக்கத்துக்குப் போகும். நம் கல்லைப் பார்த்து அங்கேயே நிற்காது.

பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன்னால் எஸ்தர் அதைத் தன் அப்பாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினாள். தன் அம்மா இறந்த பக்கம் வந்தபோது அவள் குரல் மாறவில்லை, ஒரே சீராகப் படித்தாள். அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. சாமுவேல் தரையைப் பார்த்துக்கொண்டு முழுவதும் கேட்டான். படித்து முடித்ததும், "எல்லாம் சரியா கீது சார். ஒண்ணு வுட்டுட்டீங்க. எல்லைமீறல் இல்லைன்னு எழுதிக் குடுத்தேன்னு போட்டுகிறீங்க. தெரிஞ்சே எழுதிக் குடுத்தேன்னு போடுங்க" என்றான். வக்கீல் அம்மா என்னைப் பார்த்தார். அந்த ஒரு வார்த்தை எனக்கு எவ்வளவு பாதகம் என்று அவருக்கும் எனக்கும் தெரியும். பேனாவை வாங்கி, 'தெரிந்தே' என்று வரிக்கு மேலே என் கையாலேயே சேர்த்து, பக்கத்தில் சின்னக் கையெழுத்துப் போட்டேன். சாமுவேல் மகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிப் போய்விட்டான்.

இப்போது உனக்கும் தெரியும், தம்பி. இனி அந்த நிலத்தைப் பற்றி நீ எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டாலும், அந்த வார்த்தையைச் சேர்த்துத்தான் போடுகிறாய்.

அப்பா